பொருத்தம் வேறு, இறுக்கம் வேறு

நலவாழ்வுப் பக்கம்



"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் பெரியவர்கள் சொல்லும் பழமொழி. இப்பக்கத்துக்கென இம்முறை வந்த கேள்விகளில் பல, அந்தப் பழமொழியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அவற்றின் சாரம் இதுதான்: "எனக்குச் சில பற்கள் போய்விட்டன. கழற்றிப் பூட்டும் பொய்ப்பல் செய்வித்தேன். ஆடுகிறது, முரசு நோகிறது, சாப்பிட முடியவில்லை. இன்னும் இறுக்கமாகச் செய்து தரும்படி கேட்கலாமா? அல்லது இது இப்படித்தான் இருக்குமா?"

நான் பல் வைத்தியர் அல்லன், பொது வைத்தியர். ஆயினும் பொருந்தாத பொய்ப்பல்லின் விளைவுகள் பல நேரங்களில் பல் வைத்தியரின் கதிரைக்குப் போகுமுன் என்னிடம்தான் வருகின்றன. நிறை குறைகிறது, மலச்சிக்கல், வயிற்றெரிவு, காரணம் தெரியாத சோர்வு என்று வருவார்கள். நீரிழிவு உள்ள ஒரு தாயாருக்கு மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. கீரை, மரக்கறி, பயறு, கடலை எல்லாம் நிறுத்தி ஆறு மாதம். பாணைத் தேநீரில் தோய்த்தும், குழைந்த சோறும், கஞ்சியுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. நல்ல விலை கொடுத்துச் செய்த பொய்ப்பல் மேசை லாச்சியில், பஞ்சில் சுற்றியபடி கிடந்தது. "நோகுது டொக்டர், ஆனால் திரும்பப் போய்ச் சொல்ல வெட்கமாயிருக்கு" என்றார். இப்படி லாச்சியில் கிடக்கும் பொய்ப்பற்கள் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு. ஆகையால் இம்முறை இந்த விடயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாப் பற்களும் போனவர்கள் அணியும் முழுத் தொகுதி வேறு. இங்கே நான் சொல்வது, சில பற்கள் மீதமிருக்க, இடையில் உள்ள வெற்றிடங்களை நிரப்பும் பகுதிப் பொய்ப்பல். இதற்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, போன பற்களின் வேலையைச் செய்வது. மற்றது, மீதமிருக்கும் பற்களைக் கெடுக்காமல் இருப்பது. இரண்டாவதுதான் பெரிய கடமை. மோசமாகப் பொருந்திய பகுதிப் பொய்ப்பல், தன்னைத் தாங்கும் நல்ல பற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பிடுங்கிவிடும். நான்கு பல்லுக்காகச் செய்த பொய்ப்பல், சில ஆண்டுகளில் எட்டுப் பல்லுக்காகச் செய்ய வேண்டியதாகிவிடும்.

பல்லும் முரசும்

பொருத்தம் ஏன் இவ்வளவு கடினம் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பல் எலும்பினுள் மெல்லிய நார்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. கடிக்கும்போது அது ஒரு மில்லிமீற்றரின் சில நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கீழே இறங்கும். முரசோ மெத்தை போன்றது. அது பல்லை விடப் பல மடங்கு, சில இடங்களில் பத்து மடங்குக்கு மேலும் அமுங்கும்.

1925இல் நியூயோர்க்கைச் சேர்ந்த எட்வர்ட் கென்னடி என்ற பல் வைத்தியர், பல் போன வாய்களை நான்கு வகைகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்தப் பிரிவைத்தான். வெற்றிடத்தின் இரு பக்கமும் பல் இருந்தால், பொய்ப்பல் இரு கரையிலும் தாங்கப்பட்ட பாலம் போல நிற்கும், பொருத்தம் எளிது. கடைவாய்ப் பற்கள் எல்லாம் போய், பின்பக்கம் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதிருந்தால் அதுதான் கடினமான வகை. முன்பக்கம் பல்லில் நிற்கிறது, பின்பக்கம் மெத்தையில் நிற்கிறது. கடிக்கும்போது பின்பக்கம் இறங்கும், முன்பக்கத்துக் கொளுக்கி பல்லை நெம்பும். சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசோப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் இப்படி நெம்பினால், எந்தப் பல் தாங்கும்?

ஆகவே, "இன்னும் இறுக்கமாகச் செய்து தாருங்கள்" என்று கேட்பது நமக்கு நாமே செய்யும் தீங்கு. சரியாகச் செய்த கொளுக்கி, பொய்ப்பல் தன் இடத்தில் அமர்ந்திருக்கும்போது பல்லை நெருக்குவதே இல்லை, சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பொய்ப்பல் கழன்றுபோக முனையும்போது மட்டும்தான் பிடிக்கும். பொருத்தம் வேறு, இறுக்கம் வேறு.

அச்சு எடுக்குமுன்

நல்ல பொருத்தம் அச்சு எடுக்கும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு முன்பே தொடங்குகிறது.

முதலாவது, மீதமுள்ள பற்களும் முரசும் சுகமாக இருக்க வேண்டும். இரத்தம் கசியும் முரசின் மேல் பொய்ப்பல் கட்டுவது, ஈரமண்ணில் அத்திவாரம் போடுவதற்குச் சமம். பல் பிடுங்கிய இடத்து எலும்பு முதல் சில மாதங்களில் வேகமாகக் கரையும். அந்தக் காலத்தில் செய்வது தற்காலிகப் பல் என்றே எண்ண வேண்டும். பழைய பொய்ப்பல் முரசை நசித்திருந்தால், புதிதுக்கு அச்சு எடுக்குமுன் அதைக் கழற்றி வைத்து முரசு தன் உருவத்துக்குத் திரும்ப விட வேண்டும். நசிந்த முரசில் எடுத்த அச்சு, நசிந்த முரசுக்கே பொருந்தும்.

இரண்டாவது, திட்டம். பல் வைத்தியர் ஒரு மாதிரியை வார்த்து, அளவைக் கருவியில் நிறுத்தி, பொய்ப்பல் எந்தத் திசையில் உள்ளே போகும், எந்தத் திசையில் வெளியே வரும் என்று தீர்மானிப்பார். பல்லின் வயிறு போன்ற பகுதிக்குக் கீழே சிறு பள்ளம் இருக்கும். கொளுக்கியின் நுனி அங்கேதான் அமர வேண்டும். வார்ப்பு உலோகக் கொளுக்கிக்கு வேண்டிய பள்ளத்தின் ஆழம் வெறும் கால் மில்லிமீற்றர். வளைத்த கம்பிக் கொளுக்கி கூடுதலாக நெகிழும் என்பதால் அரை மில்லிமீற்றர் வரை போகலாம். இந்த அளவை மீறினால் ஒன்றில் கொளுக்கி முறியும், அல்லது பல் ஆடும்.

மூன்றாவது விடயத்தில்தான் நம்மவர் பலர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். பல் வைத்தியர் நல்ல பல்லின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீற்றர் முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை ஆழமுள்ள சிறு குழியொன்றைக் கரண்டி வடிவில் தீட்டுவார். "சூத்தையில்லாத பல்லை ஏன் தொடுகிறார்? காசு பறிக்கவா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் குழியில்தான் சட்டத்தின் தாங்கி வந்து அமரும். அது இருந்தால் கடிக்கும் பாரம் பல்லின் வேர் வழியே நேராக எலும்புக்குப் போகும். அது இல்லாவிட்டால் பொய்ப்பல் முழுவதும் முரசுக்குள் அமிழ்ந்து, பல்லின் ஓரத்துச் சதையை வெட்டும். குழி தீட்டப்படுவது பல்லின் மேல்தோலான மிளிரியில் மட்டுமே. சாதாரணமாக நோவு இராது. இந்தச் சிறு குழிக்குச் சம்மதம் கொடுங்கள்.

அச்சும் சட்டமும்

வாயில் வைத்து எடுக்கும் மென்மையான அச்சுப் பொருளான அல்ஜினேற், கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. அதில் பெரும்பகுதி நீர். காற்றில் வைத்தால் சுருங்கும், நீரில் போட்டால் ஊதும். ஆகவே அதில் எடுத்த அச்சைத் தாமதமின்றி வார்க்க வேண்டும். உலோகச் சட்டத்துக்கான இறுதி அச்சை, உங்கள் வாய்க்கென்றே தனியாகச் செய்த தட்டில், உருவம் மாறாத சிலிக்கோன் போன்ற பொருளில் எடுப்பது நல்லது. இரண்டு தடவை அச்சு எடுக்கிறாரே என்று சலிக்க வேண்டாம். முதலாவது திட்டத்துக்கு, இரண்டாவது வேலைக்கு.

சட்டம் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்படும். நம் மாநிலத்தில் ஜெர்மன் பேசும் பல் வைத்தியர்கள் இதை 'மொடல்குஸ்' என்பார்கள். இது மெல்லியது, வலிமையானது, வளையாதது. அக்கிரிலிக் தட்டில் கம்பிக் கொளுக்கி வைத்துச் செய்வது மலிவு, தற்காலிகத்துக்கு உகந்தது. ஆனால் அதில் பல்லின் மேல் அமரும் தாங்கி பெரும்பாலும் இல்லாததால், காலப்போக்கில் முரசுக்குள் இறங்கிவிடும். நைலோனில் செய்யும் நெகிழும் பொய்ப்பல்லில் உலோகக் கொளுக்கி வெளியே தெரியாது, பார்வைக்கு அழகு. அதற்கும் பெரும்பாலும் தாங்கி இல்லை, பின்னர் திருத்துவதும் சிரமம்.

பற்கள் பதிக்குமுன் வெறும் சட்டத்தை வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நாள் இருக்க வேண்டும். அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். சட்டம் பலவந்தமில்லாமல் உள்ளே போக வேண்டும். தாங்கிகள் எல்லாம் தத்தம் குழிகளில் முழுமையாக அமர வேண்டும். எந்தப் பக்கம் விரலால் அழுத்தினாலும் மறுபக்கம் எழும்பக் கூடாது. எங்கே உரசுகிறது என்று காட்டும் பசையைப் பூசிப் பார்த்து, உரசும் இடத்தை மட்டும் தீட்டுவார்கள். கடைவாய்ப் பற்கள் இல்லாதவர்களுக்கு, இந்தச் சட்டத்திலேயே தட்டுப் பொருத்தி, முரசின் அச்சை மறுபடி எடுக்கும் முறையும் உண்டு. முன்னர் சொன்ன சீசோ ஆட்டத்தைக் குறைப்பதற்கான வழிகளில் அது ஒன்று. உங்களுக்கு அது தேவையா என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது வாயினுள் சிறு கமராவை விட்டுப் படமெடுத்து, கணினியில் வரைந்து, லேசர் கதிரால் உலோகத்தூளை உருக்கிச் சட்டம் செய்யும் முறை வந்துவிட்டது. பற்களைப் படமெடுப்பதில் அது சிறப்பாக வேலை செய்கிறது. ஆனால் முரசு பாரத்தின் கீழ் எவ்வளவு அமுங்கும் என்பதைக் கமரா அறியாது. அதற்கு இன்றும் வைத்தியரின் கைதான் வேண்டும்.

கொளுக்கிக்குப் பதிலாக, வெளியே தெரியாத நுண்ணிய பூட்டுகளும் உண்டு. நமக்கு அருகில் உள்ள பீல் நகரில் 1885இல் தொடங்கிய 'சாந்திர் ஏ மேத்தோ' நிறுவனம் இத்தகைய பூட்டுகளுக்குப் பெயர் பெற்றது. அப்பெயருக்குச் சாம்பலும் உலோகங்களும் என்று பொருள். கடிகாரத் தொழிலின் கழிவிலிருந்து பொன்னை மீட்டெடுத்த தொழில், பிறகு பல் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. கடிகாரத்துக்கு வேண்டிய நுட்பம் வாய்க்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் பூட்டுகளுக்குப் பெரும்பாலும் பக்கத்துப் பற்களுக்கு முடி போட வேண்டும். செலவு மிகக் கூடும். நல்ல கொளுக்கியால் முடிகின்ற வேலைக்கு இது அவசியம் இல்லை.

பூட்டிய பின் உங்கள் பங்கு

பொய்ப்பல் கைக்கு வந்த நாளில் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது பாதி வழிதான். மிச்சப் பாதி உங்களிடம் இருக்கிறது.

1. விரலால் பூட்டுங்கள். பல்லால் கடித்து அமர்த்தினால் கொளுக்கி வளையும், தாங்கி முறியும். கழற்றும்போதும் ஒரு பக்கக் கொளுக்கியை மட்டும் பிடித்து இழுக்க வேண்டாம்.

2. முதல் வாரத்தில் மென்மையான உணவை, சிறு துண்டுகளாக, இரண்டு பக்கமும் மென்று பழகுங்கள். முறுக்கும் கச்சானும் பிறகு பார்க்கலாம்.

3. தேவாரத்தையோ செய்தித்தாளையோ வீட்டில் உரக்க வாசித்துப் பழகுங்கள். நாக்கு புதிய இடத்தைக் கண்டுகொள்ளச் சில நாள் வேண்டும். பொய்ப்பல் நழுவுமோ என்று பயந்து பசனையில் பின்வரிசைக்குப் போன பெரியவர்கள் மீண்டும் முன்னால் வர வேண்டும்.

4. நோகிறதா? கழற்றி லாச்சியில் போடாதீர்கள். தொலைபேசியில் நேரம் கேளுங்கள். திருத்தப் போகும் நாளில் சில மணி நேரம் அணிந்துகொண்டு போங்கள். சிவந்த இடம் தெரிந்தால்தான் எங்கே தீட்ட வேண்டும் என்று பல் வைத்தியருக்குப் புரியும். இரண்டு மூன்று தடவை திருத்துவது வழமையானது. அது அவருடைய குறையும் இல்லை, உங்களுடைய குறையும் இல்லை.

5. வீட்டில் அரத்தால் தீட்டுவதும், குறட்டால் கொளுக்கியை நெருக்குவதும் வேண்டாம். கோபால்ட்-குரோமியம் ஓரளவுக்கு மேல் வளையாது, முறியும்.

6. எலும்பு தொடர்ந்து கரையும், பொய்ப்பல் கரையாது. இரண்டுக்கும் இடையே வெளி விழும். கடைசிப் பொய்ப்பல்லின் மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். முன்னால் தாங்கி தன் குழியிலிருந்து எழும்பினால், அடிப்பாகத்தை நிரப்பித் திருத்தும் காலம் வந்துவிட்டது. நோகாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள்.

இரவும் சுத்தமும்

உணவுக்குப் பின் கழற்றிக் கழுவுங்கள். மெல்லிய தூரிகையும் சாதாரணச் சவர்க்காரமும் போதும். பற்பசை அக்கிரிலிக்கைச் சுரண்டும். கொதிநீர் அதை வளைத்துவிடும். அதன்பின் எந்தப் பொருத்தமும் மிஞ்சாது. கழுவும்போது தொட்டியில் தண்ணீர் விட்டு வையுங்கள், கை நழுவினாலும் உடையாது. கொளுக்கி பிடிக்கும் பல்லைக் கூடுதல் கவனத்தோடு தீட்டுங்கள். சூத்தை முதலில் வருவது அங்கேதான்.

இரவில் கழற்றி நீரில் வையுங்கள். 2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 85 வயதும் அதற்கு மேலுமான 524 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பொய்ப்பல்லுடன் உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதோடு, சிறிய பகுதிப் பொய்ப்பல் தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகவும் கூடும்.

விடுமுறையில் பல் கட்டுவோருக்கு

கோடை விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய், இரண்டு வாரத்தில் பல் கட்டிக்கொண்டு வருவோர் உண்டு. இங்குள்ள விலையைப் பார்த்தால் அது புரிகிறது. அங்கே திறமையான பல் வைத்தியர்கள் நிறைய இருக்கிறார்கள். இலங்கையில் பல் மருத்துவக் கல்வி 1943 முதல் நடைபெறுகிறது. குறை கைகளில் இல்லை, நாட்களில் இருக்கிறது. பிடுங்கிய புண் ஆறுமுன் அச்சு, சட்டம் பார்க்கும் நாள் இல்லை, விமானம் ஏறும் தினத்துக்கு முதல் நாள் பல் கையில். நோவு தொடங்கும்போது செய்தவர் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். இங்குள்ள பல் வைத்தியர், வேறொருவர் செய்த வேலையைத் திருத்தத் தயங்குவார்.

அங்கே செய்வதானால், பல் பிடுங்குவதையும் முரசு வைத்தியத்தையும் சில மாதம் முன்பே இங்கே முடித்துக்கொள்ளுங்கள். போன முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். தாங்கிக் குழியும் சட்டம் பார்க்கும் நாளும் வேண்டும் என்று கேளுங்கள். திரும்புமுன் திருத்துவதற்குக் குறைந்தது பத்து நாளாவது மிச்சம் வையுங்கள். என்ன உலோகம் என்பதை எழுதி வாங்குங்கள். நிக்கல் ஒவ்வாதவர்கள் இதை மறக்கக் கூடாது.

செலவு பற்றி

1996இல் நடைமுறைக்கு வந்த சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின்படி, கட்டாய அடிப்படைக் காப்புறுதி சாதாரணப் பொய்ப்பல்லுக்குப் பணம் தருவதில்லை. தவிர்க்க முடியாத கடும் வாய் நோய், வேறு கடும் நோய் ஆகியவற்றால் வந்த பாதிப்புக்கே தரும். விபத்தில் பல் போனால் விபத்துக் காப்புறுதி. பல் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் யோசனையை வோ மாநில மக்கள் 2018இலும், ஜெனீவா மக்கள் 2019இலும் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்.

ஆகவே தொடங்குமுன் எழுத்தில் செலவு மதிப்பீடு கேளுங்கள். பிரெஞ்சில் 'தெவி', ஜெர்மனில் 'கோஸ்டன்ஃபோரான்ஷ்லாக்'. அதில் வைத்தியர் கட்டணமும் பல் தொழில்நுட்பவியலாளரின் கூடச் செலவும் தனித்தனியே இருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துடன் மேலதிகக் கொடுப்பனவு பெறுவோருக்கு, எளிமையும் சிக்கனமும் பொருத்தமும் உள்ள பல் வைத்தியம் ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் மதிப்பீட்டை முதலில் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பின்பே தொடங்குங்கள். ஃப்ரிபூர்க்கில் பல் மருத்துவ பீடம் இல்லை. சிக்கலான வாய்களுக்குப் பேர்ண் பல்கலைக்கழகப் பல் மருத்துவ நிலையம் அருகில் இருக்கிறது. மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யும் சிகிச்சை பற்றியும் அங்கே விசாரிக்கலாம். அதற்கு நேரம் கூடுதலாகும். நல்ல பொருத்தத்துக்கு அந்த நேரம் வீணாகாது.

ஒரு எச்சரிக்கை

பொய்ப்பல் உரசி வந்த புண், உரசும் இடத்தைத் தீட்டியதும் சில நாளில் ஆறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறக்க இறுக்கம் ஆகியவற்றுக்குப் பொய்ப்பல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உடனே காட்டுங்கள். இலங்கையில் ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு கூறுகிறது. வெற்றிலை போட்டுப் பழகிய பெரியவர்களின் வாயை ஆண்டுக்கொரு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இறுதியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ சாப்பாட்டு மேசையில் கீரையை ஒதுக்கினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், ருசியில்லை என்று சொல்லிப் பாதியில் எழுந்தால், பல்லைப் பற்றிக் கேளுங்கள். மொழி தெரியாததால்தான் பலர் திரும்பப் போய் "நோகிறது" என்று சொல்வதில்லை. அடுத்த சந்திப்புக்கு நீங்களும் கூடப் போய், எந்த இடம், எப்போது, எதைக் கடிக்கும்போது என்று விளக்கிச் சொல்லுங்கள். பல் வைத்தியர் திருத்த வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு அந்த மூன்று பதில்களும் பெரிதும் உதவும்.

அடுத்த இதழில் குளிர்காலத்தில் வரும் தோல் வறட்சி பற்றி எழுத எண்ணியுள்ளேன். கேள்விகளை மன்றத்துப் பெட்டியில் இடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.